பிஸ்கட்டுக்கு எதிரான தீர்ப்பு

ஆகஸ்ட் 7, செவ்வாய்

காலையில் பல் மருத்துவர். மதியம் டாரல் ஃபிஸ்க். பல் மருத்துவராவது மரத்துப்போக ஊசி போட்டார்.

டாரல் என் தேர்தல் ஆலோசகர். வயது முப்பத்திரண்டு. போன தடவை பிணப் பரிசோதகர் ஒருவரை ஜெயிக்க வைத்தவராம். "செத்தவங்கள பாக்கற ஆளையே ஜெயிக்க வெச்சாச்சு ஜட்ஜ், உங்கள வைக்க முடியாதா" என்றார். தைரியம் சொல்கிறாராம்.

கருத்துக்கணிப்பு கொண்டுவந்திருந்தார். எங்கள் ஆறு மாவட்டங்களிலும் நானூறு பேரைக் கேட்டிருக்கிறார்கள். மார்கிட் ஸ்வென்ட்சென் என்ற என் பெயரைக் கேட்டதும் நீதிபதி என்று சொன்னவர்கள் ஒன்பது பேர். பாலாடைக்கட்டி கம்பெனி என்றவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாலாடைக்கட்டி பிடித்திருக்கிறது என்பதை டாரல் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்.

எதிராளி, விபத்து வழக்கு வக்கீல் ரஸ்டி காம்டனைத் தெரிந்தவர்கள் முன்னூற்று நாற்பது பேர். தெரியாமல் எப்படி இருக்கும்? பத்து வருடமாக நெடுஞ்சாலை நெடுக விளம்பரப் பலகைகளில் அவர் முகம்தான். "அடிபட்டீர்களா? ரஸ்டியைக் கூப்பிடுங்கள்."

பன்னிரண்டு வருடமாக மேல்முறையீட்டு நீதிபதியாக இருக்கிறேன். எங்கள் மாநிலத்தில் நீதிபதிக்கும் ஆறு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல்; முந்தைய இரண்டிலும் என்னை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. அதை மக்களின் நம்பிக்கை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 9, வியாழன்

போட்டோ எடுத்தார்கள். கையில் மரச் சுத்தியல் பிடிக்கச் சொன்னார் டாரல். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சுத்தியல் கிடையாது, நாங்கள் எதையும் தட்டுவதில்லை, படிக்கிறோம், அவ்வளவுதான் என்றேன். "படிக்கறத போட்டோ எடுக்க முடியாது ஜட்ஜ்." பொம்மைக் கடையில் வாங்கியதாம். அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. பிடித்தேன்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

இன்று வாதம் கேட்டோம். நான், ஹாலிஸ் க்ரியர், ஃபென்டன் - மூன்று பேர் அமர்வு.

டெல்மர் ப்ரூயிட், ஐம்பத்திரண்டு வயது, ஹீட்டர் ரிப்பேர் செய்கிறவர். பின்விளக்கு எரியவில்லை என்று ஹால்டன் மாவட்டத்தில் காரை நிறுத்தியிருக்கிறார்கள். அபராதச் சீட்டு எழுதும்போதே மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் மோப்ப நாய் வந்து காரைச் சுற்றியிருக்கிறது. சுற்றி, உட்கார்ந்துவிட்டது. அது உட்கார்ந்தால் உள்ளே போதைப்பொருள் என்று அர்த்தம். டிக்கியைத் திறந்தார்கள். ஒரு பாட்டில் வலி மாத்திரை, போதைப்பொருள் பட்டியலில் இருக்கும் வகை. பாட்டிலில் அவருடைய அப்பாவின் பெயர். அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மகனுக்குப் பதினான்கு மாதம் சிறை. மேல்முறையீடு முடியும்வரை ஜாமீனும் இல்லை.

நாயின் பதிவேடு எங்கள் முன்னால் இருக்கிறது. இதுவரை அறுபத்தாறு கார்களைச் சுற்றியிருக்கிறது. அறுபத்து நான்கு கார்களின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவற்றில் ஏதாவது கிடைத்தது பதினேழில்தான். உட்காராத இரண்டில் ஒன்று ஷெரிஃபின் மனைவியுடைய கார்.

நாயை நம்ப முடியாதென்றால் டிக்கியைத் திறக்க உரிமை இல்லை. டிக்கி இல்லையென்றால் மாத்திரை இல்லை, வழக்கும் இல்லை. வாதம் முடிந்து அறைக்குப் போய் உட்கார்ந்தோம். பதினோரு நிமிடத்தில் மூன்று பேரும் ஒத்துப்போய்விட்டோம். தீர்ப்பை நான் எழுத வேண்டும். இதைவிடச் சுலபமான வழக்கு இந்த வருடம் வரவில்லை.

முன்வரிசையில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ப்ரூயிட்டின் மனைவி வான்டா என்று நயோமி சொன்னாள். என் சட்ட உதவியாளர் நயோமி, பதினொரு வருடமாகக் கூட இருப்பவள். அறையில் யார் யார் என்பது எப்போதும் அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 18, சனி

ஹால்டன் மாவட்டக் கண்காட்சி. எட்டு விதமான பழ அப்பத்தைத் தின்று முதல் பரிசு யாருக்கு என்று சொல்ல வேண்டும். நியாயமாகத்தான் தீர்ப்புச் சொன்னேன். இரண்டாம் பரிசு வாங்கிய பெண்மணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். டாரல் கணக்குப்படி அவர்கள் வீட்டில் ஆறு ஓட்டு.

நாயையும் பார்த்தேன். பெயர் பிஸ்கட். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுப்போட்டு வைத்த பெயர். மேடையில் ஐந்து பெட்டி வைத்து, ஒன்றில் பொட்டலத்தை ஒளித்தார்கள். பிஸ்கட் முதல் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்தது. பொட்டலம் நான்காவதில். ஆனாலும் கைதட்டல் நிற்கவே இல்லை. ரஸ்டி மேடையேறி அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ நாய்க்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டாள். நிலுவையில் இருக்கும் வழக்கைப் பற்றி நான் பேசக்கூடாது என்றேன். அவள் திரும்பிப் பின்னால் நின்றவர்களிடம், "எதிர்ப்பாம்" என்றாள்.

செப்டம்பர் 10, திங்கள்

ப்ரூயிட் தீர்ப்பு முடிந்தது. பத்தொன்பது பக்கம், பத்து அடிக்குறிப்பு. ஹாலிஸும் ஃபென்டனும் இன்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கடைசி வரி: "தண்டனை ரத்து செய்யப்படுகிறது, டெல்மர் ப்ரூயிட் உடனடியாக விடுதலை செய்யப்பட வேண்டும்." அந்த 'உடனடியாக'வை எழுதும்போது மனதுக்கு இதமாக இருந்தது. இந்த வேலையில் அப்படி ஒரு சொல்லை எழுத வருடத்தில் நாலைந்து தடவைதான் வாய்க்கும்.

புதன்கிழமை வெளியிடலாம்.

செப்டம்பர் 12, புதன்

டாரல் வந்தார். வழக்குகளைப் பற்றி அவர் கேட்பதுமில்லை, நான் சொல்வதுமில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு எதுவும் தெரிய வேண்டாம் ஜட்ஜ். ஆனா வாலாட்டற எதப் பத்தியாவது ஏதாவது எழுதிட்டிருந்தீங்கன்னா, காற்புள்ளியெல்லாம் சரியா இருக்கான்னு இன்னொரு தடவ பாருங்க. நவம்பர் ஆறு, ஓட்டு முடியற வரைக்கும் பாருங்க."

அறையை விட்டுப் போகச் சொன்னேன். போனார். அதுவரைக்கும் சரிதான்.

ஆனால் அவர் போனபிறகு தீர்ப்பை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி உண்மையிலேயே உறுத்தியது.

செப்டம்பர் 17, திங்கள்

காற்புள்ளியை எடுத்தேன்.

செப்டம்பர் 20, வியாழன்

திரும்பப் போட்டேன்.

செப்டம்பர் 26, புதன்

நயோமி கதவருகில் நின்றாள்.

"ஜட்ஜ், ப்ரூயிட் இன்னும் உங்க மேசையிலயே இருக்கு."

பதினோராவது அடிக்குறிப்பு எனக்குத் திருப்தியாக இல்லை என்றேன்.

"மொத்தமே பத்துதான் இருக்கு."

"அதனாலதான் திருப்தியா இல்ல."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மதியம் உட்கார்ந்து பதினோராவது அடிக்குறிப்பு ஒன்றை எழுதினேன். 1911-ஆம் வருடத்து மாட்டு வழக்கு ஒன்றை மேற்கோள் காட்டியிருக்கிறேன். யாருக்கும் பயன்படாது. நல்ல அடிக்குறிப்புதான்.

அவசரப்பட்டு எழுதிய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் கவிழ்த்துவிட்டால் ப்ரூயிட்டுக்குத்தானே நஷ்டம்? கவனமாக இருப்பது அவருக்கு நான் செய்யும் உதவி.

இப்போது எழுதியதைத் திரும்பப் படித்தேன். இதே வாதத்தை ஒரு வக்கீல் என் முன்னால் வைத்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

அக்டோபர் 4, வியாழன்

லூத்தரன் தேவாலயக் கூடத்தில் வேட்பாளர் கூட்டம். ஏறக்குறைய இருநூறு பேர், காபி, கேக். ரஸ்டி முதலில் பேசினார். தான் சட்டத்தின் பக்கம், குடும்பங்களின் பக்கம், பிஸ்கட்டின் பக்கம் என்றார். நீதிபதி என்ன செய்வார் என்பதைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்றுகூட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நடப்பதல்ல. ஆனால் நன்றாகச் சொன்னார்.

பிறகு பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார், நீதிபதிக்கு முக்கியமான குணம் எது என்று. பயமின்மை என்றேன். "தீர்ப்பு எழுதும்போது காலண்டரைப் பார்க்கும் நீதிபதி, நீதிபதியே அல்ல" என்றேன். தயார் செய்த பேச்சில் அது இல்லை. தானாக வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. டாரல் பின்னால் நின்று கட்டைவிரலை உயர்த்தினார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு இறங்கவில்லை. கேக் அதிகமாகிவிட்டது என்று என் கணவர் ஆரனிடம் சொன்னேன்.

அக்டோபர் 7, ஞாயிறு

ஆரன் முப்பத்தைந்து வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவர். வழக்கைப் பற்றி வீட்டில் நான் வாய் திறப்பதில்லை. அவராகவே பத்திரிகையில் பிஸ்கட் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல நாய். அதைக் குத்தம் சொல்லாத. கூட வர்ற ஆளு மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கும். அவன் எத எதிர்பாக்கறான்னு தெரிஞ்சா அத செஞ்சுடும். அப்பறம் தின்னக் கிடைக்குமில்ல."

எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரம்தான்.

அக்டோபர் 17, புதன்

ப்ரூயிட்டின் வக்கீல் ஒரு பக்க மனு போட்டிருக்கிறார். விரைந்து தீர்ப்பு வேண்டும். அக்டோபர் 29-ஆம் தேதி தண்டனைக்காலம் தானாகவே முடிகிறது. குளிர் ஆரம்பிக்கும் இந்த மாதத்தில்தான் ஹீட்டர் ரிப்பேர் கம்பெனிகள் ஆள் எடுக்கும். பதினெட்டு வருடம் வேலை பார்த்த கம்பெனி இருபதாம் தேதிவரை இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது. மரியாதையான மனு. ஒரு சொல்கூட அதிகமில்லை.

"பரிசீலனையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாலை ஹாலிஸ் வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் இன்றே அனுப்பிவிடுவேன் என்றும் நினைத்தேன் - கேளுய்யா, கேட்டுத் தொலையேன்.

"நான் கையெழுத்துப் போட்டு அஞ்சு வாரமாச்சு மார்கிட்."

"தெரியும்."

"நாலு வருஷம் முன்ன நான் எலெக்‌ஷன்ல நின்னப்ப என் டிராயர்லயும் ஒரு தீர்ப்பு கெடந்துச்சு. நீ பாத்த. ஆனா கேக்கல." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "அதனால நானும் கேக்க மாட்டேன்."

பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுப் போனார். அந்த டிராயரில் இருந்தது யாருடைய வழக்கு? நினைவில்லை. அன்றைக்கும் நான் பெயரைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 22, திங்கள்

இருபதாம் தேதி போய்விட்டது.

அக்டோபர் 29, திங்கள்

மழை. காலை ஒன்பதரைக்கு ப்ரூயிட் வெளியே வந்துவிட்டதாக நயோமி சொன்னாள். நான் தலைநிமிராமல் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரை என்று மறுபடியும் சொன்னாள்.

நவம்பர் 7, புதன்

ஜெயித்துவிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசம்.

டாரல் காலையிலேயே போன் செய்து விளக்கினார். வாக்குச்சீட்டில் என் பெயர் ரஸ்டிக்கு மேலே அச்சாகியிருந்ததாம். மேலே இருக்கும் பெயருக்குச் சும்மாவே மூன்று சதவீதம் கிடைக்குமாம். "அது போக அந்தச் சுத்தியல் ஜட்ஜ். சுத்தியல சாதாரணமா நெனைக்காதீங்க."

தேவாலயக் கூடத்துப் பேச்சு?

"எந்தப் பேச்சு?" என்றார்.

நாயும் இல்லை, பேச்சும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அச்சுக்கூடத்தில் யாரோ ஒருவர் எழுத்துகளை அடுக்கிய வரிசை. இதற்காகவா? இதுக்காகவா ஏழு வாரம் ஒரு மனுஷன ஜெயில்ல உக்கார வெச்சேன்? தோத்திருந்தா என்ன ஆயிருக்கும்? வீட்டுல உக்காந்து பென்ஷன் வாங்கியிருப்பேன். அவ்வளவுதானே. அவ்வளவுதான்.

ஆரன் பூ வாங்கி வந்தார். நன்றி சொன்னேன்.

நவம்பர் 9, வெள்ளி

நயோமி ப்ரூயிட் கோப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பத்தொன்பது பக்கத்தையும் படித்தேன். மாட்டு வழக்கை எடுத்துவிட்டேன். கடைசி வரிக்கு வந்தேன். "உடனடியாக விடுதலை செய்யப்பட வேண்டும்." விடுதலை செய்ய ஆள் உள்ளே இல்லை. அந்த வரியை அடித்தேன்.

அடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும். தண்டனை ரத்து என்பது இருக்கிறது. போதும், சட்டப்படி போதும். பத்து தடவை போதும் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு இப்படி எழுதினேன்:

"இந்தத் தீர்ப்பு செப்டம்பர் 10 அன்றே தயாராக இருந்தது. அதன்பின் ஏற்பட்ட தாமதத்துக்கு வழக்கில் எந்தக் காரணமும் இல்லை. எழுதிய நீதிபதி தேர்தலில் நின்றதே காரணம். திரு. ப்ரூயிட் அந்தக் காலத்தில் நாற்பத்தொன்பது நாட்களைச் சிறையில் கழித்தார். மற்ற இரு நீதிபதிகளுக்கு இதில் பங்கில்லை."

ஃபென்டன் தொலைபேசியில் கேட்டுவிட்டு, உன் இஷ்டம் என்றார். ஹாலிஸ் நேரில் வந்தார். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"இத யாரும் ஒன்ன கேக்கல."

"ஆமா. யாரும் கேக்கல."

கடைசி வாக்கியத்தின்மேல் விரலை வைத்தார். அது முழு உண்மையில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். "இதுக்கு நன்றி" என்றார். போய்விட்டார்.

நவம்பர் 14, புதன்

தீர்ப்பு வெளியானது.

நவம்பர் 19, திங்கள்

பத்திரிகையில் முதல் பக்கம்: "பிஸ்கட்டின் மூக்கைச் சந்தேகிக்கிறது நீதிமன்றம்." ஆசிரியருக்குக் கடிதங்கள் பதினான்கு. எல்லாம் நாயைப் பற்றி. ஒரு சிறுமி படம் வரைந்து அனுப்பியிருக்கிறாள்; நான் கறுப்பு அங்கியில், பிஸ்கட் அழுகிறது. கடைசிப் பக்கத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. பத்தொன்பது பக்கத்தை யார் கடைசிவரை படிக்கிறார்கள்?

நீதிபதிகள் சங்கத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நாய் விஷயத்தில் என் துணிச்சலைப் பாராட்டி, மார்ச் மாத மாநாட்டில் 'நீதித்துறையின் சுதந்திரம்' பற்றி நான் பேச வேண்டுமாம். வர இயலாது என்று எழுதினேன். காரணத்தைப் பத்தொன்பதாம் பக்கத்தில் பார்க்கவும் என்று சேர்க்க நினைத்து, சேர்த்தேன்.

டிசம்பர் 8, சனி

மளிகைக் கடையில் முட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. நீலக் கோட்டை அடையாளம் தெரிந்தது. முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

"நீங்கதான அந்த நீதிபதி" என்றாள் வான்டா ப்ரூயிட்.

ஆமாம் என்றேன். பத்தொன்பது பக்கமும் படித்தவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தை டெல்மர் இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து மேசை டிராயரில் வைத்துவிட்டாராம். இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டேன். பழைய கம்பெனியில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். எண்பது மைல் தள்ளி ஒரு கோழிப்பண்ணையில் ஹீட்டர் பார்க்கிறார். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வருகிறார். குரலை உயர்த்தாமல், விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் வருந்துகிறேன் என்றேன். முட்டை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். அதைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

"நாப்பத்தொம்பது நாள்னு சரியா எழுதியிருக்கீங்க. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்." பிறகு வண்டியைத் தள்ளப் போனவள் நின்றாள். "நான் ஒங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அந்த ஆளு நாய்கூட நின்னு போட்டோ எடுத்தான்ல, அதனால. டெல்மர்கிட்ட இன்னும் சொல்லல."

ஜனவரி 2, புதன்

பதவியேற்பு. கை உயர்த்திச் சத்தியம் செய்தேன். 'தாமதமின்றி' என்று ஒரு சொல் அதில் இருக்கிறது. முன்பு இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், காதில் விழுந்ததில்லை.

ஜனவரி 22, செவ்வாய்

நீதிபதிகள் ஒழுங்கு வாரியத்திலிருந்து கனமான உறை. என்மேல் புகார். புகார் கொடுத்தவர்: ரஸ்டி காம்டன், வழக்கறிஞர். இணைப்பு: ப்ரூயிட் தீர்ப்பு, பத்தொன்பதாம் பக்கம், கடைசிப் பத்தியைச் சுற்றி மஞ்சள் கோடு.

முதலில் கோபம்தான் வந்தது. இந்த ஆளா? வாழ்க்கையில் ஒரு மேல்முறையீட்டு வழக்கு வாதாடாத இந்த ஆளா? பிறகு புகாரைப் படித்தேன். நாயைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தெளிவாக, சுருக்கமாக எழுதியிருந்தார். சட்டப்பிரிவுகள் சரி. மேற்கோள்கள் சரி. தேர்தலில் இப்படிப் பேசியிருந்தால் எனக்கு அவரை மதிக்க வேண்டி வந்திருக்கும்.

பதில் தர முப்பது நாள் அவகாசம். ஹாலிஸ் தலைநகரில் ஒரு கெட்டிக்கார வக்கீலின் எண் கொடுத்தார். பேசினேன். மிக நயமாகப் பேசினார். முப்பது நாளும் எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு இன்னும் முப்பது கேட்க வேண்டும். அந்தப் பத்தி ஒருவித மனச்சோர்வில் எழுதியது என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கலாம். 'தேர்தலே காரணம்' என்பதற்கு வேறு பொருளும் கொள்ள முடியும் என்றார். என்ன பொருள் என்று கேட்டேன். அதற்குத்தான் அறுபது நாள் என்றார்.

பதவி போகலாம். ஆறு மாதம் இடைநீக்கம் செய்யலாம். கண்டித்து ஒரு கடிதத்தோடும் விடலாம். ஆரனிடம் எல்லாவற்றையும் முதல் தடவையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "சரி, அந்தப் பொம்பள பேரு என்ன சொன்ன?" என்றார் கடைசியில். வான்டா என்றேன். தலையாட்டினார்.

ஜனவரி 23, புதன்

காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து எழுதினேன்: "புகாரில் உள்ள தேதிகள் சரியானவை. காரணமும் சரியானது. கூடுதலாக, கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் முழு உண்மையல்ல. வாரியம் கேட்டால் விளக்குகிறேன்."

நயோமி தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். ஹாலிஸ் அறைக் கதவு திறந்திருந்தது. போய் ஒரு பிரதியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பத்தரைத் தபாலில் போய்விட்டது.